மெசீனியா நாட்டு வழியே

கிரேக்க நாடு என்றதும் ஏதென்ஸ் மாநகரும் ஸ்பார்ட்டா வீரரும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. இவ்விரண்டின் புகழொளியில் மறைந்து, சரித்திர நூல்களில் ஓரிரு வரிகளோடு நின்றுவிடும் நிலப்பகுதி ஒன்று உண்டு. அதன் பெயர் மெசீனியா. மணல் விரிந்த கடற்கரைகளும், சிதைந்த மாளிகையும், கடலை நோக்கி நிற்கும் கோட்டைகளும், ஒலிவத் தோப்புகளுக்கிடையே சிற்றூர்களும் நிறைந்த நாடு அது. கண்ணுக்கினிய காட்சிகளுக்காக மட்டும் அன்றி, நாட்டை இழந்த மக்கள் தம்மை இழவாமல் வாழ்ந்தது எவ்வாறு என்பதை அறியவும் அங்கே செல்லலாம். மாணவ நண்பர்களே, வாருங்கள். அந்நாட்டை ஒருமுறை சுற்றி வருவோம்.

கிரீஸின் தெற்கே, விரல்களை விரித்த கையைப்போலக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலப்பரப்பு பெலப்பொன்னீஸ். அதன் தென்மேற்கு மூலையே மெசீனியா. கிழக்கே சுமார் 2,400 மீட்டர் உயர்ந்த தாய்கெட்டஸ் மலை. மேற்கே ஐயோனியக் கடல். இடையே நீர்வளம் மிக்க சமவெளி. இந்த வளமே அதற்கு வினையாயிற்று. ஏனெனில், மலைக்கு அப்பால் இருந்தது ஸ்பார்ட்டா.

கி.மு. எட்டாம் நூற்றாண்டில் ஸ்பார்ட்டர் மெசீனியாவின்மேல் படையெடுத்து வென்றனர். நிலத்துக்கு உரியவர் அந்நிலத்திலேயே ஹெலட்டுகள் எனப்படும் அடிமைகளாயினர். விளைவில் பாதியை ஆண்டைகளுக்கு அளந்தனர் என்று தெர்த்தேயஸ் என்ற ஸ்பார்ட்டாப் புலவரின் பாடலால் அறிகிறோம். ஸ்பார்ட்டாவின் இளைஞர் ஏர் பிடியாமல் போர்ப்பயிற்சியிலேயே வாழ்நாளைக் கழித்தனர் என்று படித்து வியக்கிறோம். அவர்களுக்குச் சோறு போட்டவர் யார் என்று கேட்டுப் பார்த்தோமா? மெசீனியரின் உழைப்பே அந்த வீரத்தை வளர்த்தது. ஆண்டுதோறும் ஸ்பார்ட்டாவின் அதிகாரிகள் பதவி ஏற்றவுடன் ஹெலட்டுகள்மீது முறைப்படி போர் தொடுப்பதாக அறிவிப்பார்களாம். ஹெலட்டைக் கொன்றாலும் கொலைப்பழி சேராதிருக்கவே இந்த ஏற்பாடு. அரிஸ்டாட்டில் கூறியதாகப் புளூட்டார்க் இதனைக் குறித்து வைத்திருக்கிறார்.

இப்பின்னணியை மனத்தில் கொண்டு மேற்குக் கரையிலிருந்து பயணத்தைத் தொடங்குவோம். ஒலிவ மரங்கள் சூழ்ந்த ஒரு மேட்டின்மேல், ஸ்பார்ட்டரின் படையெடுப்புக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அழிந்த ஓர் அரண்மனை இருக்கிறது. ஹோமரின் காவியங்களில் முதுபெரும் அரசனாக வரும் நெஸ்டரின் பெயரால் அது வழங்குகிறது. 1939இல் கார்ல் பிளேகன் என்ற அமெரிக்க அறிஞரும் கிரேக்கத் துணைவர்களும் அங்கே அகழ்ந்தபோது, எழுத்துப் பொறித்த களிமண் ஏடுகள் வெளிப்பட்டன. மொத்தம் சுமார் ஆயிரம் ஏடுகள் கிடைத்துள்ளன. அவற்றைச் சூளையில் இட்டுச் சுட்டவர் எவருமில்லை. கி.மு. 1180ஐ ஒட்டி அரண்மனையை எரித்த தீயே அவற்றைச் சுட்டுக் கெட்டியாக்கியது. மாளிகையை அழித்த நெருப்பே அதன் கணக்கேட்டைக் காத்தது!

அந்த எழுத்தைப் படிக்க நெடுங்காலம் எவராலும் இயலவில்லை. பதினான்கு வயதுப் பள்ளி மாணவனாக ஒரு கண்காட்சிக்குச் சென்றபோது இப்புதிரை அறிந்த மைக்கேல் வென்ட்ரிஸ், பின்னர்க் கட்டடக் கலைஞராகத் தொழில் செய்துகொண்டே அதனை விடாது ஆராய்ந்தார். ஏடுகளின் மொழி கிரேக்கமே என்று 1952ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் லண்டன் வானொலிப் பேச்சு ஒன்றில் அவர் அறிவித்தார். முக்காலிப் பாத்திரத்தின் படமும், அதன் பக்கத்தில் முக்காலி என்ற சொல்லும் பொறித்த பிலோஸ் ஏடு ஒன்று அவர் கூற்றை மெய்ப்பித்தது. ஏடுகளில் காவியம் ஏதுமில்லை. ஆட்டுக் கணக்கு, வெண்கலத்தின் எடை, தண்டு வலிப்போர் தொகை, வேலை செய்யும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தந்த படி ஆகியவையே உள்ளன. கரையோரக் காவலர் இன்ன இடத்தில் இத்தனை பேர் என்ற பட்டியலும் உண்டு. கடல் வழியே பகை வருமென்று அஞ்சினார்களோ என அறிஞர் பலர் எண்ணுகின்றனர்.

அங்கிருந்து கடற்கரைக்கு இறங்கினால் வொய்தோகிலியா என்னும் சிறு வளைகுடா. ஏறக்குறைய முழு வட்டமாக மணல் வளைந்து கிடக்க, நடுவே பச்சையும் நீலமுமாக நீர் அசைகிறது. பின்புறம் உப்பங்கழியில் நீர்ப்பறவைகள் மேய்கின்றன. இதற்குத் தெற்கே விரிந்த நவரீனோ விரிகுடாவின் வாயை அடைத்தாற்போல் நீண்டு கிடப்பது ஸ்பாக்டீரியா தீவு. கி.மு. 425இல் ஏதென்ஸ் நகரத்தார் இத்தீவில் ஸ்பார்ட்டாவின் படையொன்றை முற்றுகையிட்டனர். எவரும் ஏற இயலாது என்று காவலின்றி விடப்பட்ட செங்குத்துப் பாறையின் வழியே பகைவரின் பின்புறம் சென்று திரும்பிய ஒரு தலைவனால் வெற்றி கிட்டியது. அவன் ஏதென்ஸ்காரன் அல்லன், மெசீனியன்! முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் கிளர்ச்சி செய்து, நாட்டை விட்டு வெளியேறி, நௌபாக்டஸ் என்ற ஊரில் குடியேறிய மக்களின் படையை நடத்தி வந்தவன். சரணடையாதவர் என்று உலகம் நம்பிய ஸ்பார்ட்டாவின் படையில் 292 பேர் அன்று சரணடைந்தனர். அவர்களிடம் பறித்த கேடயம் ஒன்றை இன்றும் ஏதென்ஸ் பொருட்காட்சிச் சாலையில் காணலாம்.

அதே விரிகுடாவில் 1827ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் மற்றொரு போர் நிகழ்ந்தது. பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா ஆகிய மூன்று நாடுகளின் கப்பல்கள் துருக்கிய, எகிப்தியக் கப்பற்படையை அழித்தன. கிரீஸின் விடுதலைக்கு வழி திறந்தது. பாய்மரக் கப்பல்கள் மட்டுமே பொருத கடைசிப் பெருங்கடற்போர் இதுவே என்பர். பிலோஸ் ஊரின் நடுச்சதுக்கத்தில் மூன்று கப்பற்படைத் தலைவர்களின் நினைவுத் தூண் நிற்கிறது.

தெற்கே மெத்தோனியும் கொரோனியும் வெனிஸ் வணிகர் கட்டிய கோட்டைகளை உடைய ஊர்கள். கடல் வாணிகத்தைக் காக்கும் இரு கண்களாக வெனிஸ் அவற்றைப் போற்றியது. கொரோனிக் கோட்டைக்குள் இன்றும் குடிகள் வாழ்கின்றனர். குளிர்காலத்தை ஒட்டி இச்சிற்றூர்களில் மரத்தடியில் வலை விரித்து ஒலிவக் காய்களை உதிர்க்கும் காலம். எண்ணெயும் ரொட்டியும் கீரையும் மீனுமான அவர்கள் உணவு முறையை 2010இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் சேர்த்தபோது, கிரீஸின் சார்பாக விளங்கியது கொரோனியே. கிழக்கே கலமாத்தா நகரத்தை 1821 மார்ச் 23இல் கிரேக்கர் துருக்கியரிடமிருந்து மீட்டனர்.

இனி உள்நாட்டில் இதோமி மலையடிவாரத்துக்கு வருவோம். கி.மு. 371இல் லியூக்ட்ராப் போரில் தீப்ஸ் நகரத் தளபதி எப்பாமினாந்தாஸ் ஸ்பார்ட்டாவை முறியடித்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் மெசீனியரை விடுவித்து, இம்மலையடியில் மெஸ்சீனி என்ற தலைநகரை எழுப்பச் செய்தார். இத்தாலியிலும் சிசிலியிலும் ஆப்பிரிக்கக் கரையிலும் சிதறியிருந்தவர்களுக்கு அழைப்புச் சென்றது. அவர்கள் திரும்பி வந்தனர். குழலோசை முழங்க மதில் எழுப்பினார்கள் என்று கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அங்கே சென்ற பௌசானியாஸ் எழுதுகிறார். ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் அலைந்தும் அம்மக்கள் தம் டோரிய மொழிவழக்கையும் பழக்கங்களையும் கைவிடவில்லை என்றும் அவர் குறிப்பிடுகிறார். பழம்பெருமைக் கதைகளுட் சில விடுதலைக்குப் பின்னரே புனையப்பட்டவை என்பது இக்காலச் சரித்திர ஆசிரியர் பலரின் கருத்து. இருக்கலாம். எனினும், தாம் இன்னார் என்ற உணர்வு முற்றும் அற்றுப்போயிருந்தால், அழைத்த குரலுக்கு மறுமொழி எங்கிருந்து வந்திருக்கும்?

சுமார் ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள அம்மதிலின் பெரும் பகுதிகள் இன்றும் நிற்கின்றன. வட்ட முற்றத்தோடு கூடிய ஆர்க்கேடிய வாயிலின் ஊடே பாதை செல்கிறது. கீழே அரங்கமும், மருத்துவத் தெய்வத்தின் கோயிலும், ஓட்டப்பந்தய வெளியும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. மேலே மவ்ரோமாத்தி என்ற சிற்றூர், தன் ஊற்றுநீரைப் பருகிக்கொண்டு இவற்றைப் பார்த்தவாறு இருக்கிறது.

ஸ்பார்ட்டா பாழாகி அதன் அடித்தளங்கள் மட்டும் எஞ்சினால், அது இவ்வளவு வலிமை உடையதாய் இருந்தது என்பதைப் பிற்காலத்தார் நம்பமாட்டார் என்று துசிடைடீஸ் அன்றே எழுதினார். அவ்வாறே ஆயிற்று. ஆண்டவர் நகரில் காண்பதற்குச் சிலவே உள்ளன. அடிமைப்பட்டவர் எழுப்பிய மதிலோ மலைமேல் ஓங்கி நிற்கிறது. நிலத்தைப் பறிக்கலாம், விளைவைப் பறிக்கலாம். நாவில் வாழும் மொழியையும் நெஞ்சில் வாழும் நினைவையும் பறித்தல் எளிதன்று. மெசீனியாவின் கற்கள் நமக்குச் சொல்லும் செய்தி இதுவே.