சேற்றில் வந்த பொம்மை

(மட்டாஞ்சேரியில் தமிழ்ப் பெண்கள் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியது)

 

என் கையில் இருப்பதைப் பாருங்கள். ஒரு சின்னத் துணிப் பொம்மை. உள்ளங்கைக்குள் அடங்கும். மேலே கறை இருக்கிறது. "துவைக்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். துவைத்தாகிவிட்டது. கொதிக்கும் நீரிலும் போட்டாகிவிட்டது. இது போகாத கறை. ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் துவைக்கிற நம் ஆட்களைக் கேளுங்கள், சேற்றுக் கறையின் பிடிவாதத்தைச் சொல்வார்கள்.

இந்தப் பொம்மையின் பெயர் சேக்குட்டி.

2018 ஆகஸ்டில் வந்த வெள்ளம் நமக்கு மறக்காது. நம் எறணாகுளம் மாவட்டத்தில், வடக்குப் பரவூர் பக்கம் சேந்தமங்கலம் என்று ஓர் ஊர். நாமக்கல் பக்கத்துச் சேந்தமங்கலம் அல்ல, இது வேறு. கைத்தறிக்குப் பேர் போன ஊர். ஓணம் விற்பனைக்காகச் சேலைகளை நெய்து அடுக்கி வைத்திருந்தார்கள். ஓணத்துக்குச் சில நாள் முன்பு வெள்ளம் வந்தது. தறி மூழ்கியது. நூல் மூழ்கியது. சேலை எல்லாம் சேறு. ஒரு வருடத்தில் பெரிய வியாபாரமே ஓணத்துக்குத்தான். சேலையை எரித்துவிடலாம் என்றுகூட நினைத்தார்கள்.

அப்போது லட்சுமி மேனன், கோபிநாத் பாறயில் என்ற இருவர் ஒரு யோசனை சொன்னார்கள். சேலைகளைக் குளோரின் போட்டுச் சுத்தம் செய்தார்கள். கொதிக்க வைத்தார்கள். துண்டு துண்டாக வெட்டிப் பொம்மை கட்டினார்கள். கறையை மறைக்கவில்லை. சேற்றில் பிழைத்த குட்டி, அதனால் சேக்குட்டி. சேந்தமங்கலத்துக் குட்டி என்றும் சொல்லலாம்.

கணக்கைக் கேளுங்கள். ஒரு சேலையின் விலை சுமார் 1,300 ரூபாய். அதில் 360 பொம்மை வந்தது. ஒரு பொம்மை 25 ரூபாய். 360-ஐ 25-ஆல் பெருக்கிப் பாருங்கள். 9,000 ரூபாய்! அந்தப் பணம் நெசவாளர்களுக்குப் போனது. பள்ளிப் பிள்ளைகள், வீட்டுப் பெண்கள் என்று பலர் கூலி வாங்காமல் உட்கார்ந்து பொம்மை கட்டினார்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? போன மாதம் ஓர் அக்கா என்னிடம் கேட்டார்: "இல்லாத வீட்டுப் பிள்ளைக்குத்தான் கந்தல் பொம்மையா, டீச்சர்? பக்கத்து வீட்டுப் பிள்ளை பேட்டரி கார் வைத்து விளையாடுகிறதே!" அந்தக் கேள்வி எனக்கு வலித்தது. நானும் என் மகளுக்காக அப்படி வெட்கப்பட்டவள்தான். கடன் சொல்லிக் கார் வாங்கினேன். மூன்றாம் நாள் சக்கரம் கழன்றது. அதைத் திறந்து பார்க்கவும் வழியில்லை, ஒட்டவும் வழியில்லை.

அரவிந்த் குப்தா என்று ஒருவர். 1975-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து முடித்த என்ஜினீயர். அவர் வாழ்நாள் முழுவதும் தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப், பழைய பேப்பர் இவற்றில்தான் பொம்மை செய்தார். காசில்லாமல் அல்ல. பிள்ளை உடைத்துப் பார்த்து, மறுபடி செய்துகொள்ள வேண்டும் என்பதற்காக. அதே 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

அவர் வழியில் ஒன்று செய்து பாருங்கள். விளக்குமாற்று ஈர்க்குச்சியை ஒரே அளவாக ஒடியுங்கள். வால்வு டியூப் துண்டுகளால் முனைகளை இணையுங்கள். நான்கு குச்சியில் சதுரம் செய்தால், தொட்டதும் சாய்ந்து விடும். மூன்று குச்சியில் முக்கோணம் செய்தால் சாயாது. நம் பழைய கிடங்குகளின் கூரையை அண்ணாந்து பாருங்கள். ஏன் முக்கோணமாகச் சட்டம் போட்டிருக்கிறார்கள் என்று பிள்ளையே சொல்லும்.

இனி நம் பொம்மை. தையல் கடையில் வெட்டுத் துண்டு கேளுங்கள், சும்மாவே தருவார்கள். பருத்தித் துணிதான் நல்லது. நைலான் வழுக்கும், முடிச்சு நிற்காது. நான் முதலில் செய்த பொம்மைக்கு அதனால்தான் தலை கழன்றது! ஒரு சாண் சதுரத் துணி எடுங்கள். நடுவில் பெரிய நெல்லிக்காய் அளவு கந்தலை உருட்டி வைத்து மூடுங்கள். அடியில் நூலை நாலு சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். தலை வந்துவிட்டது. கீழே தொங்குவது பாவாடை. இன்னொரு நீளத் துண்டை முறுக்கிக் கழுத்தின் பின்னால் குறுக்கே வையுங்கள். நெஞ்சின் மேல் பெருக்கல் குறி போல நூலைச் சுற்றிக் கட்டுங்கள். இரண்டு கை ஆயிற்று.

கண்ணைப் பேனாவால் பிள்ளையே வரையட்டும். ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே போனாலும் திருத்தாதீர்கள். பொத்தான் கண் வேண்டாம், சின்னக் குழந்தை விழுங்கிவிடும். பழைய பேட்டரி, உடைந்த டியூப் லைட், மருந்துப் பாட்டில் இவற்றைப் பிள்ளை கையில் கொடுக்கவே கூடாது. பிளாஸ்டிக் பையைத் தலையில் மாட்டவும் விடாதீர்கள். கத்தரி வேலை உங்கள் வேலை.

கடைசியாக ஒரு துண்டுத் துணி மிச்சம் வையுங்கள். இந்தியாவில் முதல் முதலாக முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று 1990-ல் அறிவித்தது நம் எறணாகுளத்தைத்தான். பொம்மைக்குப் பிள்ளை என்ன பெயர் வைக்கிறதோ, அதை அந்தத் துண்டில் நீங்கள் எழுதுங்கள். பாவாடையில் தைத்துவிடுங்கள்.

அடுத்த வியாழக்கிழமை எல்லாரும் பொம்மையைக் கொண்டு வாருங்கள். பெயரை நான் படிக்க மாட்டேன், பக்கத்தில் இருப்பவர் படிக்கட்டும்.