ஆச்சியோட லயமும் தென்காசிக் கோபுரமும்

இந்த எபிசோடை தென்காசியில எங்க வீட்டு மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். குற்றாலத்துல சீசன் ஆரம்பிச்சாச்சு. பின்னாடி லேசா ஒரு சத்தம் கேட்டா மைக் கோளாறுன்னு நினைக்காதீங்க, அது சாரல். இங்க இருந்து பார்த்தா காசி விஸ்வநாதர் கோவில் கோபுரம் தெரியும். அந்தக் கோபுரத்துக்குக் கடைசியில வர்றேன். முதல்ல, பிப்ரவரியில குடும்பத்தோட இலங்கை போயிட்டு வந்த கதை.

பிளான் போட்டது நான்தான். சாஃப்ட்வேர்காரன் பிளான் போட்டா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். எக்செல் ஷீட், கலர் கலரா கட்டம். மதுரையில இருந்து கொழும்புக்கு ஃப்ளைட். முதல் பாதி பழைய நகரங்கள்: சிகிரியா, பொலன்னறுவை. ரெண்டாவது பாதி மலை ஊர்கள்: கண்டி, நுவரெலியா. ஆறு நாள், அஞ்சு பேர். அப்பா, அம்மா, தங்கச்சி, நான், எங்க ஆச்சி.

ஆச்சிக்கு 76 வயசு. அவங்க கேட்டது ஒரே ஒரு இடம். அவங்க பிறந்த தேயிலைத் தோட்டம். அதை நான் ஷீட்ல எப்படிப் போட்டிருந்தேன் தெரியுமா? அஞ்சாவது நாள், 'போற வழியில', ஒரு மணி நேரம். அதை இன்னைக்கு நினைச்சாலும் கூச்சமா இருக்கு.

ஆச்சி கதையைச் சுருக்கமா சொல்லிடுறேன். வெள்ளைக்காரன் காலத்துல தமிழ்நாட்டுல இருந்து காப்பித் தோட்டத்துக்கும், அப்புறம் தேயிலைத் தோட்டத்துக்கும் லட்சக்கணக்கான பேர் கூலி வேலைக்குப் போனாங்க. ஆச்சியோட தாத்தா அதுல ஒருத்தர். 1948ல இலங்கைக்குச் சுதந்திரம் கிடைச்சது. அதே வருஷம் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்கள்ல பெரும்பாலானவங்களை நாடில்லாதவங்களா ஆக்கிடுச்சு. 1964ல சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கணும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரணும்னு ரெண்டு அரசாங்கமும் பேசி முடிச்சாங்க. மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பத்தி 1974ல இன்னொரு ஒப்பந்தம்.

அந்த 1974லதான் ஆச்சி தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து இறங்கினாங்க. 25 வயசு, இடுப்புல ரெண்டு வயசு அப்பா. கையில ஒரு குடும்ப அட்டை. அவங்களுக்கு அரசாங்கம் வச்ச பேர் 'தாயகம் திரும்பியோர்'. அந்தத் தாயகத்தை ஆச்சி அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்ல! மண்டபம் முகாம், அப்புறம் செங்கோட்டையைத் தாண்டி குளத்துப்புழை பக்கம் ரப்பர் பால் வெட்டுற வேலை, கடைசியா தென்காசி. அங்க இருந்தப்போ 'இந்தியாக்காரங்க'. இங்க வந்தப்புறம் 'சிலோன்காரங்க'.

சரி, ட்ரிப்புக்கு வருவோம். சிகிரியாவுல சுமார் 1,200 படி. நானும் தங்கச்சியும் ஏறினோம், ஆச்சி கீழ மரத்தடியில உட்கார்ந்திருந்தாங்க. மறுநாள் பொலன்னறுவை. 11ஆம் நூற்றாண்டுல சோழர்கள் தலைநகரா வச்சிருந்த ஊர். ஒரு சோழ அரசி பேர்ல வானவன் மாதேவி ஈச்சரம்னு முழுக்கக் கல்லால கட்டின சிவன் கோவில் இன்னும் நிக்குது. சுவர்ல தமிழ்க் கல்வெட்டு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. கொஞ்சம் தள்ளி கல் விகாரை. ஒரே பாறையில செதுக்கின புத்தர் சிலைகள், மழை படாம இருக்க மேல பெரிய கூரை. எல்லா இடத்துலயும் டிக்கெட், காவலாளி, 'தொடாதீர்கள்' பலகை.

ஆச்சி அந்தக் கூரையைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாங்க. "கல்லு நனையாம பாத்துக்கிறாங்களே, நல்ல காரியம்"னாங்க. நான் அதைப் பெருசா எடுத்துக்கல.

அஞ்சாவது நாள். நுவரெலியாவுல இருந்து தலவாக்கலை போற பக்கம் வேன் மலையைச் சுத்தி இறங்குச்சு. ரெண்டு பக்கமும் தேயிலை. ஆச்சி ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கல. தோட்டத்துக்குள்ள இறங்கினதும் பக்கத்துச் செடியில அவங்க கை தானா போச்சு. ரெண்டு இலை, ஒரு கொழுந்து. டக்குனு கிள்ளிட்டாங்க. 50 வருஷம் ஆகியும் அந்தக் கைக்கு மறக்கல.

நான் என்ன எதிர்பார்த்தேன்னா, ஆச்சி இருந்த லயம் இடிஞ்சு போய் சுவர் மட்டும் நிக்கும், நாம சோகமா ஒரு போட்டோ எடுப்போம்னு. லயம்னா வரிசையா ஒட்டி ஒட்டிக் கட்டின தொழிலாளர் வீடுங்க. போய்ப் பார்த்தா இடியவே இல்ல. அதே வரிசை, அதே பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. தகரத்து மேல கல்லைத் தூக்கி வச்சிருக்காங்க, காத்துல பறக்காம இருக்க. உள்ள ஒரு குடும்பம் இருக்கு.

அந்த வீட்டு அக்கா எங்களை உள்ள கூப்பிட்டு ப்ளேன்டீ குடுத்தாங்க. ஆச்சி மூலையைக் காட்டி, "இங்கதான்டா உங்கப்பன் பொறந்தான்"னாங்க. அப்பா ஒண்ணும் பேசல. அந்த மூலையில ஒரு அலுமினியக் குண்டான் இருந்துச்சு, கூரையில இருந்து ஒழுகுற தண்ணியைப் பிடிக்க.

"அப்பவும் அந்த எடத்துலதான் ஒழுகும்"னாங்க ஆச்சி.

அந்த அக்கா சிரிச்சிட்டாங்க. அப்புறம் மெதுவா, "நீங்க போயிட்டீங்க அம்மா, நாங்க இருந்துட்டோம். ரெண்டு பேருக்கும் லேசா இல்லத்தானே"ன்னாங்க. ஆச்சி அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அந்த ஒரு மணி நேரக் கட்டத்தை அங்கயே அழிச்சேன். சாயங்காலம் பனி இறங்குற வரைக்கும் இருந்தோம். நுவரெலியா ஏரியில படகு விட்டதெல்லாம் கேன்சல்.

ஊருக்கு வந்தப்புறமும் அந்தக் குண்டான் மனசை விட்டுப் போகல. இப்போ கோபுரத்துக்கு வர்றேன்.

தென்காசிக் கோவிலைக் கட்டினது 15ஆம் நூற்றாண்டுல பராக்கிரம பாண்டியன். கோபுரம் 19ஆம் நூற்றாண்டுல சேதமாகி, நூறு வருஷத்துக்கும் மேல பிளந்துதான் நின்னுச்சு. அப்பா ஸ்கூல் படிச்சப்போ பார்த்தது அந்த மொட்டைக் கோபுரத்தைத்தான். இன்னைக்கு நாம பார்க்கிற, சுமார் 180 அடி உயர ஒன்பது நிலைக் கோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1990ல. இடையில அதை யாராவது 'இடிபாடு'ன்னு சொன்னாங்களா? இல்ல. தினம் உள்ள பூஜை நடந்துச்சு, ஜனங்க வந்து போனாங்க.

எங்க வேலையில லெகஸி சிஸ்டம்னு ஒண்ணு உண்டு. பழைய கோடு, ஆனா புரொடக்‌ஷன்ல ஓடிட்டிருக்கும். ஓடுறதால யாரும் அதைச் செத்துப்போச்சுன்னு சொல்ல மாட்டாங்க. ஓடுறதாலயே யாரும் சரிபண்ணவும் மாட்டாங்க. லயம் அப்படித்தான். ஆள் இல்லாத கல்லுக்குக் கூரை போட்டாச்சு. ஆள் இருக்கிற வீடு ஒழுகுது.

பராக்கிரம பாண்டியன் பேர்ல தென்காசிக் கோவில்ல ஒரு கல்வெட்டுப் பாட்டு இருக்கு. பின்னாடி எப்போவாவது இந்தக் கோவிலுக்கு ஒரு குறை வந்தா, அதை வந்து சரிசெய்றவங்க யாரா இருந்தாலும் அவங்களை நான் பணியறேன்னு ராஜாவே சொல்ற மாதிரி. கட்டினவன் தன் பெருமையைப் பேசல, ரிப்பேர் பண்றவனைக் கும்பிடுறான். சின்ன வயசுல இருந்து அந்தக் கோவிலுக்குப் போறேன். அதோட அர்த்தம் அந்தக் குண்டானைப் பார்த்தப்புறம்தான் புரிஞ்சுச்சு.

அந்த அக்கா நம்பரை ஆச்சி வாங்கிட்டு வந்தாங்க. ஞாயித்துக்கிழமை ஆனா வீடியோ கால். போன மாசம் அப்பா கூரைத் தகரத்துக்குக் கொஞ்சம் பணம் அனுப்பினார். ஒரு வீட்டுக்குத்தான். அது தீர்வு இல்லன்னு எங்களுக்கும் தெரியும். ஆனா இப்போ அந்த மூலையில குண்டான் இல்லைன்னு அக்கா வீடியோவுல காட்டினாங்க. ஆச்சி அதையே ரெண்டு தடவை காட்டச் சொன்னாங்க.

உங்க வீட்லயும் தாத்தா பாட்டி சிலோன், பர்மா, மலேயான்னு ஏதாவது ஊர் பேரைச் சொல்லியிருந்தா, இந்த வாரம் உட்கார்ந்து கேளுங்க. முடிஞ்சா கூட்டிட்டுப் போங்க. ஷீட்ல அதுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்க.

சாரல் பெருசாயிடுச்சு, நான் கீழ இறங்குறேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.