கோலும் சீழ்க்கையும்
(ஜூபிலி விழாவில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



1841-ஆம் ஆண்டு டிசம்பர் 8, அமல உற்பவ மாதா திருநாள். இத்தாலியின் தூரின் நகரில், புனித பிரான்சிஸ் அசிசியார் ஆலயத்தில், புனித தொன் போஸ்கோ பூசைக்குத் திருவுடை அணிந்துகொண்டிருந்தார். குருப்பட்டம் பெற்று ஆறு மாதமே ஆகியிருந்தது.

அங்கே வந்து நின்ற ஒரு பையனைப் பூசைக்கு உதவச் சொன்னார் கோயிற்பிள்ளை. தெரியாது என்றான். கோலை எடுத்து அடித்து விரட்டிவிட்டார். தொன் போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்துவரச் செய்தார். பெயர் பர்த்தலோமேயு கரெல்லி, வயது 16, தாய் தந்தையற்ற கொத்து வேலைக்காரன். எழுதப் படிக்கத் தெரியாது, பாடத் தெரியாது. "சீழ்க்கை அடிக்கத் தெரியுமா?" என்றார். பையன் சிரித்துவிட்டான். பிறகு சிலுவை அடையாளம் வரைந்து காட்டினார். அடுத்த ஞாயிறு அவன் கூட்டாளிகளோடு வந்தான்.

நானும் கோல் பிடித்தவன்தான். விடுதிப் பொறுப்பிலிருந்தபோது, சுவரேறிச் சினிமாவுக்குப் போன மாணவன் ஒருவனைப் பெட்டி கட்டச் சொன்னேன். சட்டப்படி சரிதான். ஆனால் அவன் படிப்பு அன்றோடு நின்றது. அவனுக்கு என்ன தெரியும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இன்றும் பூசையில் அவனை நினைத்துக்கொள்கிறேன்.

பெற்றோரே, பொய் சொல்லாதே என்கிறோம். கடன்காரர் வந்தால், "அப்பா வீட்டில் இல்லை" என்று சொல்லச் சொல்கிறோம். பிள்ளை எதைக் கற்பான்? தவறிப்போன பிள்ளைக்குப் புத்திமதி சொல்லுமுன், அவன் பார்க்க நாம் ஒழுங்காக நடப்போம். அவனிடமுள்ள ஒரு நன்மையைத் தேடிக் கேட்போம். இந்த ஜூபிலி ஆண்டில் ஒவ்வொரு குடும்பமும் அப்படி ஒரு பிள்ளையைத் திரும்ப அழைக்கட்டும். இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக.