ஹான்சி குரோனியே: தலைமையும் நம்பிக்கையும்

தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணிக்கு 53 டெஸ்ட் போட்டிகளில் தலைமையேற்று 27 வெற்றிகளைத் தேடித் தந்தவர் ஹான்சி குரோனியே. நிறவெறி ஆட்சியின் காரணமாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த அந்நாடு 1991இல் சர்வதேசக் கிரிக்கெட்டுக்குத் திரும்பியது. அதன்பின் எழுந்த புதிய அணியின் உழைப்புக்கும் ஒழுங்குக்கும் அடையாளமாக மக்கள் கண்டது அவரைத்தான்.

சரிவு சிறிதாகவே தொடங்கியது. 1996 கான்பூர் டெஸ்டின்போது சூதாட்டத் தரகர் ஒருவரிடம் அவர் பணம் வாங்கினார். அதே இந்தியப் பயணத்தில், மும்பை ஆட்டமொன்றில் தோற்றால் பணம் என்ற பேரத்தை அணிக் கூட்டத்தின் முன் வைத்தார். சக வீரர்கள் சிலர் உறுதியாக எதிர்த்ததால் அது கைவிடப்பட்டது. ஆயினும், கேட்ட கணமே மறுத்திருக்க வேண்டிய ஒன்றைத் தலைவரே விவாதப் பொருளாக்கியிருந்தார்.

2000 மார்ச்சில் நாக்பூர் ஒருநாள் போட்டிக்கு முன், 20 ரன்னுக்குள் ஆட்டமிழந்தால் 15,000 டாலர் என்று தம் அணி வீரர் ஹெர்ஷல் கிப்ஸிடம் கூறினார்; பந்துவீச்சில் அதிக ரன் விட்டுக்கொடுக்கும்படி ஹென்றி வில்லியம்ஸிடம் கேட்டார். இருவரும் ஒப்புக்கொண்டனர். களத்தில் கிப்ஸ் 74 ரன் அடித்தார். வில்லியம்ஸ் காயத்தால் இரண்டு ஓவர்கூட முடிக்கவில்லை. பேரம் பலிக்காவிட்டாலும் இருவருக்கும் ஆறு மாதத் தடை விதிக்கப்பட்டது. வெள்ளையரல்லாத வீரர்களுக்குத் தேசிய அணியின் கதவு திறந்து பத்தாண்டுகூட ஆகாத காலம் அது. அவ்விருவரும் அப்படி உள்ளே வந்தவர்கள் என்பதே இவ்வழக்கின் ஆறாத வேதனை.

2000 ஏப்ரல் 7 அன்று டெல்லி காவல்துறை அவர்மீதான சூதாட்டக் குற்றச்சாட்டை வெளியிட்டது. முதலில் மறுத்த குரோனியே, நான்கே நாளில் தாம் முழு உண்மை பேசவில்லை என்று ஒப்புக்கொண்டு பதவி இழந்தார். இதை விசாரித்த நீதிபதி கிங் ஆணையத்தின் முன் சாட்சியமளித்தபின், அக்டோபரில் அவருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. 2002 ஜூன் 1 அன்று, 32 வயதில், விமான விபத்தில் அவர் இறந்தார். அவர் வழக்கு வெடித்த ஆண்டிலேயே சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சில் ஊழல் தடுப்புப் பிரிவை அமைத்தது.

பட்டம் பெற்றுப் பணிக்குச் செல்வோர் முதலில் ஒருவர்கீழ் உழைப்பர். பின்னர் பலருக்குத் தலைமை ஏற்பர். இரு நிலைக்கும் இங்கே பாடம் உண்டு. தவறானதைத் தலைவரே கேட்டாலும் மறுக்க முடியும் என்பதை மும்பையில் எதிர்த்த வீரர்கள் காட்டினர். தன்னை நம்பி நிற்கும் இளையவரை அத்தகைய சோதனைக்கு ஆளாக்காமல் காப்பது தலைமையின் முதற்கடமை.