குடிசை போனால் உதவியும் போய்விடுமா?



செங்கல் சூளையிலோ கோழிப்பண்ணையிலோ குடியிருந்தவர்களை "இடத்தைக் காலி பண்ணு" என்றால் புருஷனும் பெண்டாட்டியும் எங்கே போவார்கள்? அவள் முழுகாமல் வேறு இருந்தால்? வீடில்லாதவங்களுக்கு யார் பணம் தருவாங்க என்று இருந்துவிடாதீர்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய். ஏழைத் தாய்க்கு, 19 வயது நிறைந்திருந்தால், முதல் இரண்டு பிரசவத்துக்கு. சொந்த வீடு கேட்பதில்லை. 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து நம்பர் வாங்குங்க. ஊர் மாறினால் அங்குள்ள நர்சம்மாவிடம் அந்த நம்பரைக் காட்டுங்க. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

வீட்டுமனைப் பட்டாவுக்குத் திங்கட்கிழமை சேலம், நாமக்கல் கலெக்டர் ஆபீசில் மனுக்கொடுங்க. ரசீது வாங்காமல் திரும்பாதீங்க. இழுத்தடித்தால், கோர்ட்டிலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவச உதவி உண்டு, போன் 15100.