இடப்பக்கம் சாய்ந்தால் வாக்குகள் பெருகுமா?

(ஈச்சிலம்பற்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



2024 பொதுத் தேர்தலில் திருகோணமலை மாவட்டத்தின் நான்கு ஆசனங்களுள் இரண்டைத் தேசிய மக்கள் சக்தி கைப்பற்றியது. தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தது ஒன்று. நாமும் இடதுசாரிப் பாதையில் இன்னும் சற்றுத் தூரம் சென்றால் இழந்த வாக்குகள் மீளாவோ என்று நம் இளைஞர்கள் கேட்கின்றனர்.

கேள்வி நியாயமானதே. ஆனால் தீர்ப்புக்கு முன் சாட்சியத்தை ஆராய்வது நமது தொழில் வழக்கம். அந்த அணி 2020இல் பெற்றவை மூன்றே ஆசனங்கள், 2024இல் 159. இடைப்பட்ட காலத்தில் அவர்கள் மேலும் இடப்பக்கம் சென்றனரா? சர்வதேச நாணய நிதியத்துடனான உடன்படிக்கையைக் கிழித்தெறிவோம் என்றுகூட அவர்கள் சொல்லவில்லை. 2022இன் பஞ்சமும், ஊழல் மீது எழுந்த சினமுமே அவர்களுக்கு வாக்குச் சேர்த்தன. வடக்கு, கிழக்கு இணைப்பை 2006இல் நீதிமன்றில் முறியடித்தவர்கள் மக்கள் விடுதலை முன்னணியினரே என்பதை அறிந்தும் நம்மவருட் பலர் அவர்களுக்கு வாக்களித்தனர் என்றால், அச்சினத்தின் அளவை நாம் உணர வேண்டும்.

தமிழர் இடதுசாரிகளை ஏற்றதே இல்லையா? ஏற்றனர். 1956இல் பருத்தித்துறையில் கம்யூனிஸ்ட் அபேட்சகர் பொன். கந்தையா வென்றார். அக்காலத்தில் அவரது கட்சியும் சமசமாஜக் கட்சியும் இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்துக் கோரின. அவ்விரு கட்சிகளும் 1966 ஜனவரியில் தமிழ்மொழி விதிகளை எதிர்த்துக் கொழும்பு வீதியில் இறங்கின. சிங்களத்துக்கு மட்டும் அரசகரும மொழி என்ற இடத்தை அரசியலமைப்பிலேயே பொறித்த 1972ஆம் ஆண்டு யாப்பை வகுத்தவர் சமசமாஜத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா. அதன்பின் எந்த முகத்தோடு தமிழனிடம் வாக்குக் கேட்பது?

சிங்களப் பகுதியிலும் கதை வேறல்ல. குத்தகைக் கமக்காரனுக்கு வயலில் நிலையான உரிமை வழங்க 1958இல் நெற்காணிச் சட்டம் கொணர்ந்தவர் பிலிப் குணவர்த்தன. நல்ல சட்டம்; ஆனால் நிறைவேற்றும் கைகள் வலுவற்றவை. குத்தகைக்காரர் பலர் வயலைவிட்டு விரட்டப்பட்டனர். 1960 மார்ச்சில் அவர் கட்சிக்குப் பத்து ஆசனங்கள், ஜூலையில் மூன்று!

ஆகவே கொள்கைப் பிரகடனத்தில் 'சோஷலிஸம்' என்ற சொல்லைச் சேர்ப்பதா என்று இரவெல்லாம் வாதிடுவது வீண். அச்சொல் 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்திலேயே இருக்கிறது. 1977இல் அதற்காகவா மக்கள் வாக்களித்தனர்?

யுத்தத்தில் விட்டுச் சென்ற காணி காடேறியதும் வன இலாகா எல்லைக்கல் நாட்டிவிட்டது என்று முறையிடுகின்றீர்கள். எவருடைய காணி, எத்தனை ஏக்கர், என்ன பத்திரம் உண்டு? பெரும்போகம் தொடங்குமுன் கிளைச் சங்கம் வீடு வீடாகச் சென்று எழுதித் தரட்டும். வழக்குகளைக் கட்டணமின்றி நடத்த நாம் ஆயத்தமாயுள்ளோம்.