நீர் சேர்ப்பதிலும் கணக்கு உண்டு



கடலூர் மாவட்டத்திலுள்ள நெல்லிக்குப்பம், 19ஆம் நூற்றாண்டிலேயே பாரி கம்பெனியாரின் சர்க்கரை ஆலையால் பெயர் பெற்ற ஊர். ஆலையிலே கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் பாகாக்குகின்றனர். 100 கிலோ சாற்றில் 15 கிலோ கரைபொருள் இருப்பதாகக் கொள்வோம். அதிலிருந்து 75 கிலோ நீர் ஆவியாகிவிட்டால் எஞ்சுவது 25 கிலோ பாகு. அதிலும் கரைபொருள் அதே 15 கிலோதான். ஆயினும், நூற்றுக்கு 15 ஆக இருந்த செறிவு நூற்றுக்கு 60 ஆகிவிடுகிறது.

ஆய்வுக்கூடத்தில் கரைசலை நீர்த்தல் இதற்கு நேர்மாறான செயல். அங்கே நீர் போகிறது; இங்கே நீர் சேர்கிறது. இரண்டிலும் கரைபொருள் மாறுவதில்லை. இவ்வுண்மையை மனத்தில் இருத்தினால் சூத்திரத்தை நெட்டுருப் போட வேண்டியதில்லை. எடுத்த கரைசலின் செறிவையும் பருமனையும் பெருக்கி வரும் தொகையும், ஆக்கிய கரைசலின் செறிவையும் பருமனையும் பெருக்கி வரும் தொகையும் சமம்.

நம்மிடம் 2 மோலார் உப்புக் கரைசல் உள்ளது, 0.1 மோலார் கரைசல் 500 மில்லிலிட்டர் வேண்டும். 0.1ஐ 500ஆல் பெருக்கினால் 50. அதனை 2ஆல் வகுத்தால் 25. எனவே 25 மில்லிலிட்டரைப் பிப்பெட்டினால் அளந்து அளவுக் குடுவையில் விட்டு, 500 என்னும் கோடு வரை நீர் நிரப்பி, மூடி, பல முறை கவிழ்த்துக் கலக்க வேண்டும். "500 மில்லிலிட்டர் நீரை ஊற்றினால் என்ன, ஐயா?" என்று என் வகுப்பில் கேட்பார் உண்டு. அப்பொழுது மொத்தம் 525 ஆகிவிடுமே!

இக்கணக்கு தேர்வுத்தாளோடு முடிவதன்று. 2015ஆம் ஆண்டின் இறுதியில் கடலூர் மாவட்டத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. அத்தகைய வேளையில் குடிநீரில் குளோரின் சேர்ப்பது இன்றியமையாத காப்பு. லிட்டருக்கு 10 கிராம் குளோரின் தரும் பிளீச்சிங் பவுடர்க் கரைசல் இருக்கிறது. 1,000 லிட்டர் தெளிந்த நீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வீதம் சேர்க்க வேண்டும் என்க. தேவை 1 கிராம். அது 100 மில்லிலிட்டரில் அடங்கியுள்ளது. தசமப் புள்ளி ஓரிடம் பிசகி 10 மில்லிலிட்டர் விட்டால் கிருமிகள் பிழைத்துக்கொள்ளும். 1,000 விட்டால் நீரை வாயில் வைக்க இயலாது. கலங்கிய நீருக்கோ அதிகம் வேண்டும். அதனைச் சோதித்தே அறிதல் வேண்டும்.

பிளீச்சிங் பவுடர் ஈரக்காற்றில் வீரியம் இழக்கும். மூலக் கரைசலின் செறிவு தவறாயின், அதன் மேற்கட்டிய கணக்கு முழுவதும் தவறே. ஆதலின் புட்டியின்மீது பொருளின் பெயர், செறிவு, தயாரித்த தேதி மூன்றையும் எழுதுக.

இன்னுமொன்று. அடர்ந்த கந்தக அமிலத்தை நீர்க்கும்போது, நீரிலே அமிலத்தைச் சிறிது சிறிதாக விடுக. அமிலத்தில் நீரை ஒருபோதும் விடற்க. எழும் வெப்பத்தால் நீர் கொதித்து, அமிலம் தெறித்துக் கண்ணையே போக்கிவிடும்.

கணக்கைத் தாளில் எழுதி, விடையை மனக்கணக்கால் ஒரு முறை சரிபார்த்த பின்னரே பிப்பெட்டைக் கையில் எடுங்கள்.